விண்வெளிக்குப் போன வேதச் சுருள்… முதல் பக்கமே இல்லாத நூல்… தெரியுமா?

உலகம் முழுக்கத் தேடினாலும் யூதர்களின் எண்ணிக்கை சுமார் ஒன்றரைக் கோடிதான். அவர்களை நாடு நாடாக விரட்டினார்கள். அவர்களின் நூல்களை வண்டி வண்டியாகக் கொளுத்தினார்கள். இருபதாம் நூற்றாண்டில் 60 லட்சம் பேரைக் கொன்றே போட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் அவர்களின் படிப்பு ஒரு நாள்கூட நிற்கவில்லை! துணி தைத்த பெண், சட்டைக்குள் புத்தகம் கடத்திய கவிஞர், கண்ணசைவால் நூல் எழுதிய தத்துவ அறிஞர் என்று இந்தக் கதையில் வருகிற ஒவ்வொருவரும் நம்மைத் திகைக்க வைப்பவர்கள். வாருங்கள், ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

உள்ளங்கைச் சுருள் ஒன்று விண்வெளிக்குப் போனது தெரியுமா?

ஆண்டு 1944. ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் வதைமுகாம். விடிவதற்கு முன்பு, காவலர் கண்ணில் படாமல், யோகிம் ஜோசப் என்ற சிறுவனுக்கு பார் மிட்ஸ்வா நடக்கிறது. 13 வயதில் ஒரு யூதச் சிறுவன் சபையின் முன் தோராவை வாசித்துப் பொறுப்புள்ள ஆளாக மாறும் சடங்கு அது. தோரா என்பது மோசேயின் ஐந்து நூல்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த ரபி (யூத மதகுரு) சைமன் டாஸ்பெர்க், உள்ளங்கை அளவுள்ள ஒரு தோராச் சுருளை முகாமுக்குள் ஒளித்து வைத்திருந்தார். சடங்கு முடிந்ததும் அதைச் சிறுவனிடமே கொடுத்து, 'நீ பிழைத்தால் இங்கே நடந்ததை உலகுக்குச் சொல்' என்று கேட்டுக்கொண்டார். ரபி பிழைக்கவில்லை. சிறுவன் பிழைத்தான்!

அந்தச் சிறுவன் வளர்ந்து இஸ்ரேலில் இயற்பியலாளர் ஆனார். அவருடைய ஆய்வை விண்வெளிக்குக் கொண்டுபோகத் தேர்வானவர், இஸ்ரேலின் முதல் விண்வெளி வீரர் இலான் ரமோன். ஜோசப் வீட்டில் அந்தச் சுருளைப் பார்த்தவர், அதையும் கொண்டுபோக அனுமதி கேட்டார். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலத்திலிருந்து நேரலையில் அதை உயர்த்திக் காட்டி அதன் கதையைச் சொன்னார். பிப்ரவரி 1 அன்று, தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தபோது கலம் சிதறியது. ஏழு பேரும் போனார்கள், சுருளும் போனது.

கதை அதோடு முடியவில்லை. அதே முகாமிலிருந்து தப்பிய இன்னொரு குட்டிச் சுருளை 2006-ல் கனடா வீரர் ஸ்டீவ் மெக்லீன் விண்வெளிக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தார்!

இன்னொரு வியப்பும் உண்டு. சபாத் எனும் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கும். விண்கலமோ 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. ஒரே நாளில் 16 அந்தி! அப்படியானால் ரமோனுக்கு சபாத் எப்போது? ரபிகள் கூடிப் பேசினார்கள். கிளம்பிய இடமான கேப் கனாவரலின் நேரமே கணக்கு என்று முடிவானது.

ஒரே ஒரு எழுத்து போனாலும் சுருள் செல்லாது தெரியுமா?

ஒரு தோராச் சுருளில் 3,04,805 எழுத்துகள். அத்தனையையும் பதப்படுத்திய தோலில், இறகுப் பேனாவால், கையாலேயே எழுத வேண்டும். எழுதுபவர் பெயர் சோஃபேர். ஒரு சுருளை முடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். ஓர் எழுத்து விடுபட்டாலும், உடைந்தாலும், பக்கத்து எழுத்தை ஒட்டிக்கொண்டாலும், திருத்தும்வரை அந்தச் சுருளைச் சபையில் வாசிக்கக் கூடாது. சாதாரணப் பிழை என்றால் கத்தியால் சுரண்டித் திருத்தலாம். கடவுளின் பெயரை மட்டும் சுரண்டவே கூடாது. அதில் பிழை வந்தால் அந்தத் தோலையே எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். இன்று கணினியில் ஸ்கேன் செய்து எழுத்து எழுத்தாகச் சரிபார்க்கிறார்கள். ஆனால் எழுதுவது இன்னமும் கைதான்!

1964 பிப்ரவரியில் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் யூத ஆலயத்துக்கு பிராக் நகரிலிருந்து 1,564 சுருள்கள் வந்து இறங்கின. நாஜிகள் அழித்த பொஹீமியா, மொராவியா ஊர்களின் சுருள்கள் அவை. பல ஊர்களில் அவற்றை வாசிக்க ஒருவர்கூட மிஞ்சவில்லை. பிராகில் ஈரம் படிந்த கட்டடத்தில் வருடக்கணக்காகக் கிடந்ததால் பல சுருள்கள் சிதைந்துபோயிருந்தன. ஒருநாள் ஊர் ஊராக வேலை தேடி அலைந்த டேவிட் பிராண்ட் என்ற சோஃபேர் கதவைத் தட்டி, 'பழுது பார்க்க ஏதாவது தோரா இருக்கிறதா?' என்று கேட்டார். உள்ளே 1,564 இருந்தன! அன்று உட்கார்ந்தவர் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அதே வேலையில் இருந்தார். இன்று அந்தச் சுருள்களில் பெரும்பாலானவை உலகின் பல ஊர்களுக்கு இரவலாகப் போயிருக்கின்றன. வாசிக்க ஆளின்றிப் போன சுருளிலிருந்து இன்று பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள்.

முதல் பக்கமே இல்லாத நூல் தெரியுமா?

பாபிலோனியத் தல்மூத். சட்டம், கதை, மருத்துவம், வானியல், குடும்பச் சண்டை, வியாபார வழக்கு என்று எல்லாமும் அதில் உண்டு. ரபிகள் பல நூற்றாண்டுகள் வாதிட்டதன் தொகுப்பு. அச்சுப் பிரதியில் மொத்தம் 2,711 தாள்கள். ஏறக்குறைய எல்லாப் பகுதிகளும் தாள் எண் இரண்டில்தான் தொடங்கும்! முகப்புத் தாளை ஒன்று என்று அச்சகத்தார் எண்ணியதே காரணம் என்பார்கள். எவ்வளவு படித்தவனும் இன்னும் தொடக்கத்துக்கே வரவில்லை என்று உணர்த்தத்தான் என்பார்கள் ஆசிரியர்கள்.

ஒரு பக்கத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் மூலம். தையல் பக்கமாக, 11-ம் நூற்றாண்டில் பிரான்சின் திருவா நகரில் வாழ்ந்த ராஷியின் உரை. வெளிப்பக்கமாக, ராஷியையே கேள்வி கேட்கும் அடுத்த தலைமுறையினரின் உரை. அவர்களில் ராஷியின் சொந்தப் பேரன்களும் உண்டு! தாத்தா சொன்னதைப் பேரன் மறுக்கிறான், இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சாகின்றன. மூலத்தில் காற்புள்ளி, முற்றுப்புள்ளி, உயிர்க்குறி எதுவுமே கிடையாது. எங்கே கேள்வி முடிகிறது, எங்கே பதில் தொடங்குகிறது என்பதைப் படிப்பவரே கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த அமைப்பை முழுத் தல்மூத்துக்கும் நிலைநிறுத்தியவர் யார் தெரியுமா? டேனியல் பாம்பெர்க் என்ற கிறிஸ்தவர்! 1520-களின் தொடக்கத்தில் வெனிஸ் நகரில் அச்சிட்டு முடித்தார். அவர் போட்ட தாள் எண்தான் இன்றுவரை நியூயார்க்கிலும் எருசலேமிலும் நடைமுறையில் இருக்கிறது.

எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் மனம் உடைந்த அறிஞர் தெரியுமா?

யூதக் கல்விக்கூடத்துக்குள் நுழைந்தால் காது அடைத்துப்போகும். அமைதி காக்கவும் என்ற பலகைக்கு அங்கே வேலையே இல்லை. மேசைக்கு மேசை இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, சத்தமாக வாசித்து, கையை ஆட்டி ஆட்டி வாதாடுவார்கள். இந்த ஜோடிப் படிப்புக்கு ஹவ்ருதா என்று பெயர்.

ஏன் இரண்டு பேர்? தல்மூத்திலேயே விடை இருக்கிறது. ரபி யோஹனானின் படிப்புத் துணை ரேஷ் லகீஷ். ஒருகாலத்தில் கொள்ளைக்காரராக இருந்து படிப்புக்கு வந்தவர். அவர் இறந்ததும் யோஹனான் துயரத்தில் மூழ்கினார். ஆறுதலாக இன்னொரு அறிஞரை அனுப்பினார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும் அவர் ஆதாரம் காட்டி ஆமோதித்தார். யோஹனான் நொந்துபோனார். ரேஷ் லகீஷாக இருந்தால் 24 ஆட்சேபம் எழுப்பியிருப்பான், நான் 24 பதில் சொல்லியிருப்பேன், விஷயம் தெளிந்திருக்கும் என்று புலம்பினார். ஆமாம் போடுகிறவரிடம் கற்க எதுவும் இல்லை என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியுமா?

குழந்தைகளுக்கும் இதே பயிற்சிதான். பஸ்கா விருந்தில் வீட்டின் கடைக்குட்டி நான்கு கேள்விகள் கேட்ட பிறகுதான் எகிப்து விடுதலைக் கதையே ஆரம்பமாகும். 1944-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற இசிடார் ராபி, தான் விஞ்ஞானி ஆனதற்குத் தாயைத்தான் காரணம் காட்டுவார். பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் 'இன்று என்ன படித்தாய்?' என்று அந்தத் தாய் கேட்டதில்லை. 'நல்ல கேள்வி ஏதாவது கேட்டாயா?' என்றுதான் கேட்பாராம்!

அகதிகளுக்காக ஒரு ராணுவம் தல்மூத் அச்சிட்டது தெரியுமா?

1242-ல் பாரிஸில் 24 வண்டி தல்மூத் பிரதிகளைக் கொளுத்தினார்கள். 1553-ல் ரோமில் கொளுத்தினார்கள். ஏறக்குறைய முழுமையாகத் தப்பிய பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றே ஒன்று. 1342-ல் எழுதப்பட்ட அது இன்று மியூனிக்கில் இருக்கிறது. நாஜிகள் வந்தபோது ஐரோப்பா முழுவதும் யூத நூல்கள் எரிந்தன.

போர் முடிந்து அகதி முகாம்களில் தங்கியிருந்தவர்கள் கேட்டது உணவு, உடை மட்டுமல்ல. படிக்கத் தல்மூத் வேண்டும் என்றார்கள்! அவர்களில் இருந்த ரபிகள் அமெரிக்க ராணுவத்தை அணுகினார்கள். ராணுவம் சம்மதித்தது. அச்சுக்கு மூலப் பிரதி நியூயார்க்கிலிருந்து வரவேண்டியிருந்தது. 1948 என்ற ஆண்டைத் தாங்கி ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 19 தொகுதிகள் அச்சாகின. அதன் முகப்புப் பக்கத்தைப் பாருங்கள்: கீழே முள்வேலியும் முகாமும், மேலே பேரீச்ச மரங்களும் புனித பூமியும். அமெரிக்க ராணுவத்துக்கு நன்றி சொல்லும் காணிக்கையுரையும் உண்டு. எந்த மண்ணில் அழிக்கத் திட்டம் தீட்டினார்களோ, அதே மண்ணில் அச்சு!

25 சிறுமிகளுடன் தொடங்கிய தையல்காரப் பெண் தெரியுமா?

பல நூற்றாண்டுகள் தல்மூத் ஆண்களுக்கே என்றிருந்தது. போலந்தின் கிராகூவில் துணி தைத்துப் பிழைத்த சாரா ஷெனிரர், பெண்பிள்ளைகள் தங்கள் மரபே தெரியாமல் வளர்வதைக் கண்டு பொறுக்க முடியாமல், 1917-ல் 25 சிறுமிகளுடன் ஒரு பள்ளி தொடங்கினார். அதுதான் பெய்த் யாக்கோவ். 1935-ல் அவர் இறந்தபோது 200-க்கும் மேற்பட்ட பள்ளிகள்!

1922 மார்ச் 18. நியூயார்க்கில் 12 வயது ஜூடித் கப்லான், தந்தை ரபி மொர்தெகாய் கப்லானின் சபையில் எழுந்து நின்று வேதப் பகுதியை வாசித்தாள். பையன்களுக்கு பார் மிட்ஸ்வா என்றால் பெண்களுக்கு பாத் மிட்ஸ்வா. அமெரிக்காவில் சபை முன் நடந்த முதல் பாத் மிட்ஸ்வா இதுதான் என்பார்கள்.

1935 டிசம்பரில் ஜெர்மனியில் ரெஜினா யோனாஸ் உலகின் முதல் பெண் ரபியாகப் பட்டம் பெற்றார். பெண் ரபியாகலாமா என்பதுதான் அவர் எழுதிய ஆய்வேடே! சட்ட நூல்களை வரிசையாக அலசி, ஆகலாம் என்று நிறுவினார். தெரேசியன்ஸ்டாட் முகாமிலும் அவர் சொற்பொழிவு ஆற்றியிருக்கிறார். அவற்றின் பட்டியல் இன்றும் இருக்கிறது. 1944-ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பிறகு அரை நூற்றாண்டு அவர் பெயரே மறந்துபோனது. பெர்லின் சுவர் விழுந்தபின் 1991-ல் கிழக்கு பெர்லின் ஆவணக் காப்பகத்தில் அவருடைய தாள்கள் கிடைத்தன.

2020 ஜனவரியில் எருசலேமில், முழுத் தல்மூத்தையும் பெண்கள் படித்து முடித்ததைக் கொண்டாட 3,000-க்கும் மேற்பட்டோர் ஒரே அரங்கில் கூடினார்கள்!

கண்ணசைவால் வேதத்தை மொழிபெயர்த்தவர் தெரியுமா?

ஜெர்மனியின் யூதத் தத்துவ அறிஞர் பிரான்ஸ் ரோசன்ஸ்வைக் 1913-ல் கிறிஸ்தவத்துக்கு மாற முடிவெடுத்தவர். மாறுவதற்கு முன் பெர்லினில் ஒரு சின்ன யூத ஆலயத்தில் பாவநிவாரண நாள் வழிபாட்டுக்குப் போனார். அதன்பின் மதம் மாறவே இல்லை! முதல் உலகப் போரில் பால்கன் போர்முனையிலிருந்து, தன் தத்துவ நூலை அஞ்சல் அட்டைகளில் எழுதி எழுதி வீட்டுக்கு அனுப்பினார்.

1920-ல் பிராங்க்பர்ட்டில் அவர் பெரியவர்களுக்காகத் தொடங்கிய படிப்பு இல்லம்தான் லேர்ஹவுஸ். தங்கள் மரபை விட்டு விலகிப்போன டாக்டர்கள், வக்கீல்கள், வியாபாரிகள் அங்கே வந்தார்கள். எல்லாம் தெரிந்தவர் கற்பிக்க வேண்டும் என்ற விதியே இல்லை. தேடிக்கொண்டிருப்பவரே ஆசிரியர். தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர், உளவியலாளர் எரிக் ஃப்ரம் போன்றவர்கள் அங்கே பாடம் எடுத்தார்கள்.

1922-ல் ரோசன்ஸ்வைக்கைக் கொடிய நரம்பு நோய் தாக்கியது. கை போனது, பேச்சு போனது. சிறப்புத் தட்டச்சு இயந்திரத்தில் எழுத்தைச் சுட்டிக் காட்டுவார், மனைவி எடித் தட்டச்சு செய்வார். கடைசியில் எடித் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் கண்ணால் சைகை காட்டுவார். இந்த நிலையில்தான் 1925 முதல் பூபருடன் சேர்ந்து வேதத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்தார்! 1929-ல், 42 வயதில் காலமானார். மிச்சத்தை பூபர் 1961-ல் முடித்தார்.

கெய்ரோவின் பழந்தாள்களில் மங்களூர் கிடைத்தது தெரியுமா?

கடவுளின் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக் கூடாது என்பது யூத வழக்கம். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஆலயத்தில் அப்படிப்பட்ட தாள்களை ஓர் அறைக்குள் போட்டுக்கொண்டே வந்தார்கள். ஆயிரம் ஆண்டுகள் போட்டார்கள்! 1896-ல் ஸ்காட்லாந்தின் இரட்டைச் சகோதரிகள் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் வாங்கி வந்த ஒரு தாளைப் பார்த்த கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர், கெய்ரோவுக்கே கிளம்பிவிட்டார். ஏறக்குறைய 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். பேரறிஞர் மைமோனிடீஸின் சொந்தக் கையெழுத்து, பிள்ளைகளின் எழுத்துப் பாடம், கல்யாண ஒப்பந்தம், கடன் பத்திரம் என்று எல்லாமும் அதில் இருந்தன.

அந்தத் தாள்களில்தான் ஆபிரகாம் பென் யிஜுவின் கதையும் கிடைத்தது. துனிசியாவில் பிறந்த யூத வியாபாரி. 1132 வாக்கில் மங்களூர் வந்து ஏறத்தாழ 17 ஆண்டுகள் தங்கி, வெண்கலப் பாத்திரப் பட்டறை நடத்தினார். இங்கிருந்து மிளகும் ஏலமும் பாக்கும் போயின. ஏடனிலிருந்து சர்க்கரையும் உலர்திராட்சையும் எழுதத் தாளும் வந்தன. எழுத்தாளர் அமிதவ் கோஷ் இவரைத் தேடிப்போன கதையைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.

யூதரின் உரிமைச் செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது தெரியுமா?

ஆம், நமக்குப் பழக்கமான அதே வட்டெழுத்து! கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகள் வழங்கினான். செப்பேட்டில் அவர் பெயர் 'இசுப்பு இரப்பான்'. பகல் விளக்கு, பல்லக்கு, குடை, பறை, காளம், தோரணம் என்று உரிமைகள் நீள்கின்றன. அந்தச் செப்பேட்டை இன்றளவும் போற்றிக் காப்பது, 1568-ல் கட்டப்பட்ட கொச்சி பரதேசி யூத ஆலயம்.

கொச்சியின் யூதப் பெண்கள் மலையாளத்தில் வேதக் கதைகளைப் பாட்டாகப் பாடினார்கள், அதுவும் ஆண்களும் இருக்கும் சபையில்! மற்ற ஊர்களின் கட்டுப்பாடான யூதச் சமூகங்களில் அபூர்வமான காட்சி இது. தாய் கையால் எழுதிய பாட்டு நோட்டுகளை மகள் பிரதி எடுத்தாள். பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது நோட்டுகளும் கூடவே போயின. ஸ்கறியா ஸக்கரியா, பார்பரா ஜான்சன் போன்ற ஆய்வாளர்கள் அவற்றைத் தேடித் திரட்ட, 2005-ல் எபிரேய மொழிபெயர்ப்போடு எருசலேமில் நூலாகவே வந்தது.

பூனாவில் 1874-ல் மராத்தியும் எபிரேயமுமாக அச்சான பஸ்கா நூலில், புளிப்பில்லாத அப்பம் சுடும் பெண்கள் சேலை கட்டியிருக்கிறார்கள்!

சட்டைக்குள் நூலகத்தைக் கடத்தினார்கள் தெரியுமா?

1942. லிதுவேனியாவின் வில்னா. யூத நூல்களில் 70 சதவீதத்தை அழித்துவிட்டு, மீதியை பிராங்க்பர்ட்டுக்கு அனுப்பத் தரம் பிரிக்கச் சொல்லி, யூதர்களையே நாஜிகள் வேலைக்கு வைத்தார்கள். ஆபிரகாம் சுட்ஸ்கேவர், ஷ்மெர்கே கச்செர்கின்ஸ்கி ஆகிய கவிஞர்களும் தோழர்களும் கையெழுத்துப் பிரதிகளைச் சட்டைக்குள்ளும் இடுப்பிலும் கட்டிக்கொண்டு, பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும், வெளியே கடத்தி ஒளித்தார்கள். காகிதப் படை என்றே அவர்களுக்குப் பெயர்!

பிறகு சோவியத் ஆட்சி வந்தது. யூதரல்லாத லிதுவேனிய நூலகர் அந்தானஸ் உல்பிஸ், எஞ்சியவற்றை ஒரு பழைய தேவாலயத்துக்குள் மறைத்துக் காப்பாற்றினார். 2017-ல்கூட அங்கிருந்து புதிதாக 1,70,000 பக்கங்கள் வெளிச்சத்துக்கு வந்தன.

அமெரிக்காவில் 1980-ல் ஆரன் லான்ஸ்கி என்ற மாணவர், முதியவர்களின் வீடுகளிலிருந்தும் குப்பைத் தொட்டிகளிலிருந்தும் ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழி நூல்களை மீட்கக் கிளம்பினார். உலகில் மிஞ்சியிருப்பதே 70,000தான் என்று நிபுணர்கள் சொன்னார்கள். இதுவரை சேர்ந்தது பத்து லட்சத்துக்கும் மேல்!

மின்னல் வேகத்தில் இன்னும் மூன்று…

* சபாத் நாளில் மின்பொத்தானை அழுத்தாதவர்களுக்காக, ஒவ்வொரு மாடியிலும் தானாகவே நின்று நின்று போகும் லிஃப்ட் உண்டு.

* சபாத்தன்று பொது இடத்தில் பொருளைச் சுமக்கக் கூடாது. எனவே மன்ஹாட்டனின் பெரும்பகுதியைச் சுற்றி மெல்லிய கம்பி கட்டி அதைப் பொது வீடாகவே பாவிக்கிறார்கள். கம்பி அறுந்திருக்கிறதா என்று வாராவாரம் சோதனை!

* 1980-ல் பிரிட்டனில் தொடங்கிய லிம்மூத் படிப்புத் திருவிழாவில், பேராசிரியரின் பெயர் அட்டையிலும் பட்டம் இருக்காது. இன்று பேசுகிறவர் நாளை முன்வரிசையில் மாணவர்.

ஒரே நாளில் உலகம் முழுக்க ஒரே தாள் தெரியுமா?

1923, வியன்னா மாநாடு. போலந்தின் இளம் ரபி மேயிர் ஷபீரோ ஒரு யோசனை சொன்னார். உலகின் எல்லா யூதர்களும் தல்மூத்தில் தினம் ஒரு தாள், ஒரே தாள் படித்தால்? கப்பலில் புத்தகத்தோடு ஏறியவன் நியூயார்க்கில் இறங்கி ஒரு கல்விக்கூடத்துக்குள் நுழைந்தால், அங்கேயும் அன்றைய அதே தாளைத்தான் படித்துக்கொண்டிருப்பார்கள். முகம் தெரியாதவரோடு உடனே வாதாடத் தொடங்கலாம்! அதுதான் தஃப் யோமி. அந்த ஆண்டு செப்டம்பர் 11-ல் தொடங்கியது. 2,711 தாள், ஏழரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவு.

ஷபீரோ 1933-ல் மறைந்தார். அவர் லூப்ளினில் கட்டிய பிரம்மாண்டக் கல்விக்கூடத்தை நாஜிகள் பறித்தார்கள். தினம் ஒரு தாள் மட்டும் நிற்கவே இல்லை. 2020 ஜனவரி 1 அன்று 13-ம் சுற்று நிறைவைக் கொண்டாட, நியூயார்க்கை அடுத்த மெட்லைஃப் மைதானத்தில், நடுங்க வைக்கும் குளிரில் சுமார் 90,000 பேர் கூடினார்கள். கால்பந்து ஆட்டத்துக்கு அல்ல, ஒரு புத்தகத்தைப் படித்து முடித்ததற்கு!

படிக்கத் தடையாக இருந்தது மொழி. அதையும் ஒருவர் உடைத்தார். மதப் பிடிப்பில்லாத குடும்பத்தில் பிறந்து, கணிதமும் இயற்பியலும் படித்த அதின் ஸ்டைன்சால்ட்ஸ், 1965-ல் தல்மூத்துக்கு எளிய எபிரேயத்தில் மொழிபெயர்ப்பும் விளக்கமும் எழுதத் தொடங்கி, 2010-ல் முடித்தார். 45 ஆண்டு உழைப்பு! ஜோஷுவா ஃபோயரும் பிரெட் லாக்ஸ்பைசரும் உருவாக்கிய செஃபாரியா இணைய நூலகத்தில் 2017 முதல் அதன் ஆங்கில வடிவமும் இலவசம். பணம் வேண்டாம், ரபியின் அனுமதி வேண்டாம், யூதராக இருக்க வேண்டியதும் இல்லை.

இப்போது நடப்பது 14-ம் சுற்று. அது 2027 ஜூன் 7 அன்று முடிகிறது. மறுநாள் காலையே 15-ம் சுற்று, மறுபடியும் இரண்டாம் தாளிலிருந்து! மரபைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் காப்பாற்ற முடியாது. ஒருவர் வாசிக்க, எதிரே உட்கார்ந்தவர் 'அதெப்படி?' என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விதான் இந்த மக்களை இத்தனை தூரம் கொண்டுவந்திருக்கிறது. உங்களுக்குப் பிடித்த ஒரு நூலை எடுங்கள், உங்களோடு ஒத்துப்போகாத ஒரு நண்பரைக் கூப்பிடுங்கள், தினம் ஒரு பக்கம் என்று இன்றே ஆரம்பியுங்கள்!